‘மக்கு’ என்பதும் ஒரு மூடநம்பிக்கையே

(பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நான் இங்கு கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கலாம். மற்றக் கூட்டங்களில் பிறத்தியாரைக் குற்றம் சொல்லியே பேசிப் பழகிய நான், இன்றைக்கு என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். ஆனால் இங்கு கூடியிருக்கும் உங்களில் பலருடைய வீட்டு விஷயமாகவும் அது இருக்கக்கூடும் என்பதால்தான் அதைப் பொதுக்கூட்டத்தில் சொல்லத் துணிந்தேன்.

நான் வைத்தியனல்ல, கல்விச் சாஸ்திரம் படித்தவனுமல்ல. ஆறாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த சம்பந்தம் முடிந்து போய்விட்டது. ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். கேளுங்கள், உங்கள் அனுபவத்தோடு ஒத்திட்டுப் பாருங்கள், தெரிந்த டாக்டரிடமும் உபாத்தியாயரிடமும் விசாரியுங்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் நடந்தது

எனக்கு ஒரு மகள். இப்போது பதினோரு வயது. பேச்சில் கெட்டிக்காரி. சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டால் பார்த்த மாத்திரத்தில் மாட்டிவிடுவாள். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் குறையாமல் எண்ணி வாங்கி வருவாள். “நாம் பஸ்ஸில் போனால் நிலாவும் ஏன் அப்பா கூடவே வருகிறது?” என்று நான்கு வயதில் என்னைக் கேட்டவள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டு வந்துதான் சொன்னேன்.

அப்படிப்பட்ட குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். புத்தகத்தைக் கையில் எடுத்தால் வேறு குழந்தையாகிவிடுவாள். ‘படம்’ என்று இருப்பதைப் ‘பாடம்’ என்பாள். மேல் வரியில் பாடுபட்டு எழுத்துக் கூட்டிப் படித்த அதே சொல் கீழ் வரியில் வந்தால், பிறந்தது முதல் பார்த்தறியாத சொல்லைப் போலத் திகைப்பாள். சொல்லுவதை எழுது என்றால் ஓர் எழுத்து விட்டுப்போகும், ஓர் எழுத்து இடம் மாறிவிடும். மூன்றாம் வகுப்பு வந்தபோது தினமும் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரம் அந்த வலி வராது.

உடனே வீட்டுக்கு யோசனைகள் வர ஆரம்பித்தன. பாட்டி, “கர்ப்பத்தில் இருக்கும்போது கிரகணத்தன்று இவள் வெளியே போனாள், அதனால்தான்” என்று என் மனைவி மேல் பழியைப் போட்டார். ஜோசியம் பார்த்து வந்த உறவினர் ஒருவர், புதன் நீசமாக இருப்பதாகச் சொன்னார். கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய் நோட்டையும் பேனாவையும் வைத்து எடுத்துவரச் சொன்னார் பக்கத்து வீட்டு அம்மாள். தாயத்துக் கட்டச் சொன்னார் இன்னொருவர். எல்லோருக்கும் மேலாக ஒரு பெரியவர், “பெண் பிள்ளைதானே! கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா? ஏன் கவலைப்படுகிறாய்?” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

தோழர்களே! இவர்கள் எல்லோரையும் பார்த்து நான் சிரித்தேன். தலையெழுத்து இல்லை என்று ஊர் ஊராகப் பேசுகிறவனல்லவா நான்! சரி, சிரித்துவிட்டு நான் என்ன செய்தேன்? “இவளுக்குப் புத்தியில் ஒன்றும் குறைவில்லை, எல்லாம் சோம்பேறித்தனம், செல்லம் கொடுத்ததால் வந்த திமிர்” என்று தீர்ப்புச் செய்தேன். ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் ஐம்பது தடவை எழுத வைத்தேன். அப்படியும் மறுநாள் பிழையாக எழுதினால் ஸ்கேலை எடுத்து அடித்தேன். அடிக்கும்போது, அவளுடைய நன்மைக்காகவே அடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் இரவு நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் தாயாரிடம் மெல்லச் சொல்லுகிறாள்: “அம்மா, அந்தத் தாயத்தை எனக்கு வாங்கிக் கட்டிவிடும்மா. அப்பாவுக்குத் தெரியாமல் சட்டைக்குள்ளே போட்டுக்கிறேன்.”

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷ காலமாக மேடை ஏறித் தாயத்தை அறுத்தெறியுங்கள் என்று பேசி வந்தவனுடைய வீட்டில், அவனுடைய சொந்த மகள் தாயத்துக் கேட்டு அழுகிறாள். கேட்க வைத்தது யார்? பாட்டியா? ஜோசியனா? இல்லை, நான்தான். துன்பத்துக்குக் காரணம் தெரியாமல், தப்பிக்க வழியும் தெரியாமல் தவிக்கிறவன்தான் தாயத்தைத் தேடிப் போகிறான். என் கையில் இருந்த ஸ்கேல்தான் அவளை அங்கே விரட்டியது.

‘சோம்பேறி’ என்ற தாயத்து

பிறகுதான் நான் யோசித்துப் பார்த்தேன். “புதன் நீசமானதால் படிப்பு வரவில்லை” என்று ஜோசியன் சொன்னான். அவனிடம் அத்தாட்சி உண்டா? இல்லை. “சோம்பேறித்தனத்தால் படிப்பு வரவில்லை” என்று நான் சொன்னேன். என்னிடம் அத்தாட்சி இருந்ததா? அதுவும் இல்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் அழுதுகொண்டே புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லுவதற்கு எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? சோம்பேறியாக இருந்தால் விளையாடப் போயிருக்க மாட்டாளா? என் மருந்தாகிய அடியால் ஏதாவது குணம் கண்டதா? ஒரு வருஷம் அடித்தும் ஓர் எழுத்துக்கூடத் திருந்தவில்லை. பலிக்காத மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஜெபிக்கிறவனை நான் முட்டாள் என்று சொல்லி வந்தேனே, பலிக்காத அடியைத் திரும்பத் திரும்ப அடித்த நான் யார்?

ஆகவே காரணத்தைச் சோதித்துப் பார்க்காமல் நாமே ஒன்றைக் கற்பித்துக்கொண்டு அதை நம்பி நடப்பது எதுவோ, அது மூடநம்பிக்கைதான். அதைப் பஞ்சாங்கத்தில் படித்தாலும் சரி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நம்பினாலும் சரி.

சோதித்தபோது தெரிந்தது

அப்போது அவள் படித்துவந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில், “வேறு பள்ளிக்கூடம் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சர்க்கார் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்து அங்குள்ள உபாத்தியாயினியம்மாள் என்னைக் கூப்பிட்டு, “ஐயா, உங்கள் பெண்ணை வாயால் கேட்டால் வகுப்பிலேயே முதல் ஆளாகப் பதில் சொல்லுகிறாள், எழுதச் சொன்னால் கடைசி ஆளாக இருக்கிறாள். இது சோம்பேறித்தனமல்ல. சோதித்துப் பாருங்கள்” என்றார்கள்.

முதலில் கண்ணையும் காதையும் பார்த்தார்கள், இரண்டிலும் பழுதில்லை. பிறகு உளவியல் நிபுணர் ஒருவர் மூன்று தடவைகளாக உட்கார வைத்துச் சோதித்தார். கட்டைகளை அடுக்குவது, படத்தில் விடுபட்டதைச் சொல்லுவது, கேட்ட கேள்விக்குக் காரணம் சொல்லுவது ஆகியவற்றால் புத்தியை அளந்தார். அதில் அவள் தன் வயதுக்கு உரிய அளவுக்கு மேலாகவே இருந்தாள். பிறகு படிக்கச் சொன்னார். அதில் இரண்டு வகுப்புகள் பின்தங்கியிருந்தாள். பிறகு, ‘மதுகி’, ‘தபிலோ’ என்று அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்கச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அதில்தான் விஷயம் இருந்தது. அர்த்தமுள்ள சொல்லைக் குழந்தை ஊகித்துச் சொல்லிவிடலாம். அர்த்தமில்லாத சொல்லை எழுத்தையும் ஒலியையும் இணைத்துத்தான் படிக்க வேண்டும். அங்கே அவள் அடியோடு நின்றுவிட்டாள். “பலகை என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?” என்று வாயால் கேட்டார். அதற்கும் தடுமாறினாள். எல்லாம் முடிந்த பின், “இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். தமிழில் கற்றல் குறைபாடு என்கிறோம். புத்திக் குறைவல்ல, சோம்பலுமல்ல” என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்ட முதல் கேள்வி, “அப்பா, அப்போ நான் மக்கு இல்லையா?” என்பதுதான்.

இது நேற்று முளைத்ததல்ல

இது ஏதோ பணக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த நாகரிக வியாதி என்று சிலர் பேசுகிறார்கள். அதுவும் தவறு. 1877-ஆம் வருஷத்திலேயே ஜெர்மன் டாக்டர் குஸ்மால் என்பவர், கண் நன்றாக இருந்தும் சொற்களைப் படிக்க முடியாதவர்களைப் பற்றி எழுதி, அதற்குச் ‘சொற்குருடு’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். பத்து வருஷம் கழித்து 1887-இல் ஜெர்மனியின் கண் டாக்டர் பெர்லின் என்பவருடைய நூலில் ‘டிஸ்லெக்சியா’ என்ற பெயர் வந்தது. ஆனால் இவர்கள் எழுதியது மூளையில் அடிபட்டோ, நோய் வந்தோ படிப்புத் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றியது.

பிறவியிலேயே இது இருக்கக்கூடும் என்று எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர். அவர் 1896-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். ஏழு வயது முதல் பள்ளிக்கூடத்திலும் தனி உபாத்தியாயர்களிடமும் அவன் படித்து வந்தான். நல்ல புத்திசாலி, விளையாட்டிலும் சளைத்தவனல்ல. ஆனால் சிறு சொற்களைக்கூடப் படிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். அதே பையன் 785,852,017 என்ற ஒன்பது இலக்க எண்ணை நிற்காமல் படித்துவிட்டான். எல்லாப் பாடத்தையும் வாயாலேயே நடத்தினால் பள்ளிக்கூடத்தில் இவன்தான் முதல் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுக்குப் பாடம் சொன்ன உபாத்தியாயர் கருதினாராம்.

தோழர்களே! எங்கள் ஊர் உபாத்தியாயினி என் மகளைப் பற்றிச் சொன்னதும், நூறு வருஷத்துக்கு மேலாக ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஓர் உபாத்தியாயர் ஒரு வெள்ளைக்காரப் பையனைப் பற்றிச் சொன்னதும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். அந்தப் பையனுக்கு எந்தப் புதன் நீசம்? அவன் தாயார் எந்தக் கிரகணத்தில் வெளியே போனார்?

எழுத்து இயற்கையல்ல

மனிதனுக்குப் பேச்சு இயற்கை. குழந்தையைப் பேசுகிறவர்கள் நடுவில் விட்டால் தானாகப் பேசிவிடும். ஆனால் எழுத்து மனிதன் செய்துகொண்ட கருவி. அது தோன்றி ஏறக்குறைய ஐயாயிரம் வருஷங்கள்தான் ஆகின்றன. படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒரு பாகம் கிடையாது. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் உள்ள பாகங்களை இணைத்துத்தான் ஒவ்வொரு குழந்தையும் படிக்கப் பழகுகிறது. பெரும்பாலோருக்கு மூளையின் இடது பக்கத்தில் அந்த இணைப்பு சுலபமாக உண்டாகிறது. சிலருக்கு அது கஷ்டப்பட்டு, மெதுவாக உண்டாகிறது. படிக்கும்போது மூளையைப் படம் பிடித்துப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டிருக்கிறார்கள். எழுத்துக்கள் தலைகீழாகத் தெரிகின்றன என்று சிலர் சொல்லுவது சரியல்ல. கோளாறு பெரும்பாலும் கண்ணில் இல்லை, சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் இருக்கிறது.

நம் தமிழில் 247 எழுத்துக்கள். ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் ‘க்’ ஒலிக்கிறது, பிறகுதான் ‘எ’ ஒலிக்கிறது. ஆனால் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். ஒரே ‘க’ ஒரு சொல்லில் ஒரு மாதிரியும் இன்னொரு சொல்லில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. ல, ழ, ள என்று மூன்று. பழகிய நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இந்தக் குழந்தைகளுக்கோ ஒவ்வொன்றும் ஒரு மலை. இங்கிலீஷைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பி-யு-டி என்றால் ‘பட்’, அதே மாதிரி பீ-யு-டி என்றால் ‘புட்’. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எழுத்துச் சுலபமாக இருக்க வேண்டும், குழந்தைகளின் பாரம் குறைய வேண்டும் என்பதற்காகவே பெரியார் அவர்கள் 1935-இல் ‘குடி அரசு’ பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். அப்போது மொழியின் தெய்வீகம் போய்விட்டதாகக் கூச்சல் போட்டவர்கள் பலர். 1978-இல் தமிழ்நாட்டு அரசாங்கமே அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. இன்று நம் எல்லோர் குழந்தைகளும் அந்த எழுத்தைத்தான் படிக்கிறார்கள்; எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை. எழுத்து மனிதனுக்காக ஏற்பட்டதே தவிர, எழுத்துக்காக மனிதன் ஏற்பட்டவனல்ல.

பழி யார் மேல்?

அந்த நிபுணர் இன்னொன்றும் கேட்டார்: “உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பில் இப்படிச் சிரமம் இருந்ததா?” இது பரம்பரையாக வரக்கூடியது என்றும், பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கும் வருவதற்கு மற்றவர்களைவிட அதிக இடமுண்டு என்றும் சொன்னார். நான் வாயடைத்துப் போனேன். ஆறாம் வகுப்பில் நான் ஏன் நின்றேன்? “உனக்குப் படிப்பு ஏறாது, சைக்கிள் கடைக்குப் போ” என்று அடித்து அனுப்பப்பட்டவன் நான். நம் இயக்கத்துப் படிப்பகத்தில் மற்றவர்கள் உரக்கப் படிக்கக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு விஷய ஞானம் வந்தது. இன்றைக்கும் ஒரு பக்கம் படிக்க எனக்கு நீண்ட நேரம் பிடிக்கும். நான் குறிப்பு இல்லாமல் பேசுகிறேன் என்று தோழர்கள் புகழுகிறார்கள்; குறிப்பைப் பார்த்துப் படிக்க எனக்குச் சரியாக வராது என்பதுதான் அதன் இரகசியம்! என்னை யாரும் சோதித்ததில்லை. ஆகவே இன்னதென்று நான் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஆனால் கிரகணத்தின் பேரால் நான்கு வருஷ காலம் பழி சுமந்தவள் என் மனைவி. அந்த அம்மாள் மேல் பழி போட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். காரணம் தெரிந்தவுடன் யார் மேலும் பழி இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. நிறத்தையும் உயரத்தையும் போல வருகிற ஒன்றுக்கு யாரைத் தண்டிப்பது?

முத்திரை குத்துவதா?

“குழந்தைக்கு இப்படி ஒரு பெயர் வைத்து முத்திரை குத்தலாமா? நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டாமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: குழந்தைக்கு இதற்கு முன் பெயர் இல்லாமலா இருந்தது? மக்கு, மண்டு, மரமண்டை, தண்டம், சோம்பேறி என்று வகுப்பிலும் வீட்டிலும் வைத்த பெயர்களெல்லாம் முத்திரை இல்லையா? ‘மக்கு’ என்ற பெயரால் மேற்கொண்டு செய்ய வேண்டிய காரியம் ஏதாவது தெரிகிறதா? அடிப்பதும் கைவிடுவதும் தவிர ஒன்றும் தெரிவதில்லை. ‘டிஸ்லெக்சியா’ என்றால் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எங்கே உதவி கேட்க வேண்டும் என்று தெரிகிறது. ஆகையால் பெயர் வைப்பதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. சோதித்து வைத்த பெயரா, வாய்க்கு வந்தபடி வைத்த பெயரா என்பதே கேள்வி.

இன்னொரு பிரயோஜனமும் உண்டு. படிப்பில் பின்தங்குகிற எல்லாக் குழந்தைக்கும் இந்தக் குறைபாடுதான் என்று நான் சொல்லவில்லை. காது கேளாமல் இருக்கலாம், கண் தெரியாமல் இருக்கலாம், பசியாக இருக்கலாம், சொல்லிக்கொடுப்பவர் சரியில்லாமல் இருக்கலாம். எது என்று சோதித்தால்தானே தெரியும்? இந்தக் குறைபாடு உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் என்றும், பத்துப் பேர் என்றும் அளவுகோலைப் பொறுத்துக் கணக்குகள் வேறுபடுகின்றன. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவர் இருப்பார்கள். அதிலும் ஆண் பிள்ளை வகுப்பில் குறும்பு செய்து கண்ணில் படுகிறான்; பெண் குழந்தை மூலையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. “பெண்தானே” என்று படிப்பையும் நிறுத்திவிடுகிறோம்.

ஒரு காலத்தில் நம் பாட்டன் பூட்டன்களைப் படிக்கவே விடாமல் வைத்திருந்து, பிறகு, “இவர்கள் படிப்பு வராத கூட்டம்” என்று சொன்னார்கள். அது பொய் என்று நாம் ரூபித்தோம். அந்தப் பொய்யால் அடிபட்டவர்களின் பேரர்களாகிய நாம், சொந்தக் குழந்தையைப் பார்த்து, “உனக்குப் படிப்பு வராது” என்று சோதிக்காமல் சொல்லலாமா?

சட்டமும் நம் பக்கம்

1995-இல் செய்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகளைத்தான் சொல்லியிருந்தார்கள். இந்தக் குறைபாடு அதில் இல்லை. 2016-இல் செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருபத்தொரு வகைகளைச் சேர்த்தார்கள். அதில் இதுவும் ஒன்று. குழந்தைகளுக்கு இக்குறைபாடு இருப்பதைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று அந்தச் சட்டம் கல்வி நிலையங்களுக்குக் கடமை விதிக்கிறது. 2009-இல் செய்த கல்வி உரிமைச் சட்டம் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் பள்ளிக்கூடங்களில் தடை செய்திருக்கிறது. உரிய சான்று பெற்றவர்களுக்குப் பொதுப் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆள் போன்ற வசதிகள் உண்டு. சான்றுக்கு மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் விசாரியுங்கள். சர்க்கார் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்காக வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இது பிச்சையல்ல, கேட்டு வாங்க வேண்டியது.

“இப்படிச் சலுகை கொடுத்தால் தகுதி திறமை என்ன ஆவது?” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தகுதி திறமைப் பாட்டை நாம் எத்தனையோ தடவை கேட்டவர்கள்தானே! பரீட்சை எழுதும் பிள்ளை மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுது, அதுதான் திறமை என்று சொல்லுகிறோமா? கேள்வி ஒன்றுதான், விடையும் அவர்களுடையதுதான். எழுத்தைத் தாண்டி வருவதற்கு அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

பெயர் தெரிந்ததோடு வேலை முடிந்துவிடாது, அப்போதுதான் ஆரம்பமாகிறது. இதற்கு மருந்து கிடையாது, முறையான பயிற்சிதான் உண்டு. ஒலியைத் தனித்தனியாகப் பிரிப்பது, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தைக் காட்டுவது, ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே அடுத்ததற்குப் போவது, கண்ணால் பார்த்து வாயால் சொல்லிக் கையால் எழுதி எல்லாப் புலன்களாலும் ஒரே சமயத்தில் பழக்குவது என்பதே அதன் சாரம். அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்காம் என்ற உபாத்தியாயினியும் 1930-களிலேயே இப்படி ஒரு முறையை வகுத்தார்கள். இதைக் கேட்டபோது எனக்கு நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அங்கே எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத வைத்தார்கள். அந்த மணல் நல்ல மணல்தான். பக்கத்தில் இருந்த பிரம்புதான் கெட்டது. என் வீட்டில் இப்போது ஒரு தட்டில் மணல் இருக்கிறது. தினமும் இருபது நிமிஷம் அதில் எழுதுகிறோம். ஸ்கேல் கோடு போடுவதற்கு மாத்திரம் உபயோகப்படுகிறது.

தாயத்துக்காரனிடமிருந்து தப்பியவர்கள் வேறொருவனிடம் சிக்கிக்கொள்ள வேண்டாம். ஞாபகசக்தி டானிக், கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்க வைக்கிறோம் என்று சொல்லும் ‘மூளை விழிப்பு’ப் பயிற்சி என்றெல்லாம் விஞ்ஞானச் சட்டை போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் பணம் பறிக்கும் புரோகிதர்கள் கிளம்பியிருக்கிறார்கள். கட்டிய துணியின் இடுக்கால் பார்த்துவிட்டு அதிசயம் என்கிறார்கள். அதே மாதிரி, “ஐன்ஸ்டீனுக்கும் இதுதான் இருந்தது, ஆகவே உங்கள் குழந்தையும் மேதை” என்று ஆறுதல் சொல்லுகிறவர்களும் உண்டு. செத்துப்போன பெரிய மனிதரை யார் உட்கார வைத்துச் சோதித்தார்கள்? மேதையாக இருந்தால்தான் குழந்தையை அடிக்கக் கூடாதா? சாதாரணக் குழந்தையாக இருந்தால் அடிக்கலாமா? நமக்கு வேண்டியது பொய்யான பெருமையல்ல, உண்மையான உதவி.

இப்போது என்ன நிலைமை?

என் மகள் இன்று கடகடவென்று படிக்கிறாள் என்று சொன்னால் அது பொய். மெதுவாகத்தான் படிக்கிறாள். பிழையும் வருகிறது. போன மாதம் நம் பத்திரிகையில் ஒரு பக்கத்தை விரல் வைத்துப் படித்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஆனால் காலை வயிற்று வலி நின்றுவிட்டது. “எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்று உபாத்தியாயினியிடம் தலை நிமிர்ந்து கேட்கிறாள். தாயத்தைப் பற்றி அதற்குப் பின் அவள் பேசவில்லை. நானும் அதற்காகப் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. தேவைப்படாததால் அது தானாகப் போய்விட்டது.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். “குழந்தையிடமா அப்பன் மன்னிப்புக் கேட்பது?” என்று பாட்டிக்கு வருத்தம். தப்புச் செய்தவன் யாரிடம் செய்தானோ அவரிடம்தானே கேட்க வேண்டும்? அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, இனிமே அடிக்காதீங்க” என்றாள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நான் நம்பவில்லை; நான் அறைக்குள் வேகமாக நுழைந்தால் இன்றைக்கும் அவள் கை நோட்டை மூடுகிறது.

ஆகவே, தோழர்களே! தாய்மார்களே! நம் கூட்டங்களில் தீர்மானம் போடுவது வழக்கம். இன்றைக்கு மேடையில் தீர்மானம் வேண்டாம். அவரவர் வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். படிக்கத் திணறும் குழந்தையை அடிப்பதில்லை. சோதிப்பதற்கு முன் பெயர் வைப்பதில்லை. எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டத் தவித்தால் ஆணாயினும் பெண்ணாயினும் அழைத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்ப்பது. இந்த மூன்றும் போதும். உபாத்தியாயர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாயால் பதில் சொல்லிக் கையால் எழுத முடியாத குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால், அதன் பெற்றோரைக் கூப்பிட்டு, எங்கள் ஊர் உபாத்தியாயினியம்மாள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள்.